பயிற்சி யாருக்கு?

(வடசென்னை மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, விசைப்படகுத் தொழிலாளர்களும் கரைத் தொழிலாளர்களும் கூடிய ஒருநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'மீன்பிடிப் படகுத் தொழிலாளர்களுக்கு நலன் மற்றும் அறம்சார் உழைப்புத் தரங்கள் பற்றிய பயிற்சி'. அறம்சார் உழைப்பு என்கிற சொல்லை இங்கே உட்கார்ந்திருக்கிறவங்க யாரும் படகில் வைத்து ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீங்க. வின்ச் கயிறு சுத்தும்போது அந்தச் சொல் ஞாபகத்துக்கு வராது. அது ஏற்றுமதி ஆர்டரோடு சேர்ந்து கரைக்கு வந்த சொல். கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கு. அறம் தவறி நடந்தவன் ஒருத்தன், பயிற்சி மட்டும் இன்னொருத்தனுக்கு, இது என்ன கணக்கு? தூங்கவிடாமல் வேலை வாங்கினவன், முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைத்தவன், செலவுக் கணக்கைக் காட்டாமல் பங்கு பிரித்தவன், இவங்க யாரும் பாயில் வந்து உட்காருவதில்லை. உங்களை உட்காரவைத்து, 'உங்க உரிமை என்னன்னு தெரியுமா?' என்று பாடம் எடுக்கிறார்கள். மதியம் பிரியாணிப் பொட்டலம், வருகைப் பதிவேட்டில் கைநாட்டு, ஒரு குரூப் போட்டோ. அந்த போட்டோ எங்கே போகிறது என்பதுதான் விசயம்.

இந்தப் பாடம் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்கணும். 2014இல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை தாய்லாந்து விசைப்படகுகளைப் பற்றி எழுதியது. பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் தரகர்கள் கூட்டிவந்த ஆட்கள், விற்கப்பட்டு, வருசக்கணக்கில் கரையேறாமல் கடலிலேயே கிடந்தார்கள். அவர்கள் பிடித்த கழிவுமீன் மாவாகி, இறால் தீவனமாகி, அந்த இறால் ஐரோப்பிய, அமெரிக்கப் பெருங்கடைகளுக்குப் போனது. அடுத்த வருசம், 2015 மார்ச்சில், அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா தீவில் கூண்டுக்குள் அடைக்கப்பட்ட மீன்பிடித் தொழிலாளர்களையே கண்டுபிடித்தார்கள். அந்த வருசத்தில் மட்டும் 2000க்கும் மேற்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். செய்தி எழுதியவர்களுக்கு 2016இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு 'மஞ்சள் அட்டை' காட்டியது. திருத்திக்கொள்ளாவிட்டால் உன் மீனை வாங்கமாட்டோம் என்ற எச்சரிக்கை. இதைக் கவனிங்க: அந்த அட்டைக்கான விதி மனிதனைப் பற்றிய விதி இல்லை. மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டதா என்று கேட்கிற விதி. ஆளைச் சட்டப்படி பிடித்தீர்களா என்று கேட்க அதில் இடமில்லை. இருந்தாலும் வியாபாரம் போய்விடும் என்ற பயத்தில் தாய் அரசு ஓடி ஓடிச் சட்டம் போட்டது. படகு துறைமுகத்தை விட்டுப் போகும்போதும் வரும்போதும் சோதிக்கிற நிலையங்களைத் திறந்தது. ஆட்களைப் பதிவு செய்தது. பயிற்சி, கையேடு, சுவரொட்டி எல்லாம் வந்தது. 2019 ஜனவரியில் மஞ்சள் அட்டையை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் ஐ.எல்.ஓ.வின் மீன்பிடித் தொழில் உடன்படிக்கையையும் தாய்லாந்து ஏற்றது. ஆசியாவில் முதல் நாடு அதுதான்.

சந்தோசம். ஆனால் நடுவில் நடந்ததைச் சொல்லணும். 2015இல் தாய் அரசு ஓர் அறிக்கை கொடுத்தது. மீன்பிடித் துறையில் 4,74,334 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தோம் என்றார்கள். கட்டாய உழைப்பு எத்தனை பேரிடம் கண்டுபிடித்தார்கள்? ஒருத்தரிடம்கூட இல்லை. பெஞ்சினாவில் ஆட்களைப் படகு படகாக மீட்ட அதே வருசத்துக் கணக்கு இது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் காரணம் புரியும். சோதனைக்கு வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், படகு ஓட்டுகிறவரிடம் பேசினார்கள். தொழிலாளியைத் தனியாகக் கூட்டிப்போய் அவன் மொழியில் கேட்டது அபூர்வம். ஆண்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'உனக்கு ஏதாச்சும் குறை இருக்காப்பா?' என்று கேட்டால் சேரியில் நம் ஆள் என்ன பதில் சொல்வான்? அதே பதில்தான் கடலிலும்.

இன்னொன்று. நான் வங்கியில் கிளார்க், அதனால் இது என் கண்ணில் பட்டது. தொழிலாளியின் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போடணும் என்று தாய்லாந்தில் விதி கொண்டுவந்தார்கள். எல்லாரும் பாராட்டினார்கள். கையில் கொடுத்தால் ஏமாற்றலாம், கணக்கில் போட்டால் பதிவு இருக்கும் என்று. நடந்தது என்னவென்றால், பல இடங்களில் ஏ.டி.எம். அட்டையை முதலாளியோ தரகனோ வாங்கி வைத்துக்கொண்டான். ரகசிய எண்ணும் அவனிடம். கணக்கில் பணம் ஏறியதாகக் காகிதம் சொல்லும். எடுத்தவன் யார் என்று அந்தக் காகிதம் சொல்லாது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் வராது. பத்துப் பாஸ்புக்கை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒரே ஆள் கொண்டுவருவார். 'பசங்க தொழிலுக்குப் போயிருக்காங்க சார், எண்ட்ரி மட்டும் போட்டுக் குடுங்க.' வெளியே மிஷினில் ஒருத்தரே நின்று அட்டை அட்டையாகச் சொருகி எடுப்பார், பின் நம்பர் அட்டையின் முதுகிலேயே பேனாவால் எழுதியிருக்கும். நூறு நாள் வேலையில் இருந்து பீடிக் கம்பெனி வரைக்கும் இந்தக் காட்சி உண்டு. எல்லாருக்கும் கணக்குத் திறந்தாச்சு என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். கணக்கு இருக்கு, கணக்குக்காரன் இல்லை. ஆகவே 'சம்பளம் வங்கி மூலமா தரப்படுதா?' என்று பயிற்சியில் கேட்டால் ஆமாம் என்று ஒரு டிக் போட்டுவிட்டுப் போகாதீங்க. அட்டை யார் சட்டைப்பையில் இருக்கு என்று அடுத்த கேள்வியை நீங்க கேளுங்க.

நம்ம கரைக்கு வருவோம். நம்ம ஊரில் படகுக்காரர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. 1997இல் சுகாதாரக் காரணம் சொல்லி ஐரோப்பா இந்திய மீனை நிறுத்தியது. உடனே பதப்படுத்துகிற ஆலைகளை இடித்துத் திருத்திக் கட்டினார்கள். பிறகு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் நெட்ஃபிஷ் என்ற அமைப்பு வந்து, துறைமுகம் துறைமுகமாகப் போய் வகுப்பு எடுக்கிறது. மீனை எப்படிக் கழுவணும், எத்தனை பங்கு ஐஸ் போடணும், பெட்டியை எப்படி அடுக்கணும். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. மீன் கெட்டுப்போகக் கூடாது. ஆனால் படுக்கிற இடத்தைப் பற்றி யாராவது வகுப்பு எடுத்தாங்களா? மீன் என்ன குளிரில் படுக்கணும் என்பதற்குத் தரம் இருக்கு. எட்டுப் பேர், பத்துப் பேர் எஞ்சின் சூட்டுக்கு மேலே எந்தப் பலகையில் படுக்கணும் என்பதற்கு இல்லை. கக்கூஸ் இல்லாத படகில் பத்து நாள், பதினைந்து நாள். அலை அடிக்கும்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் தவறி விழுந்தால் அதற்குப் பேர் விபத்தா?

அந்த ஐ.எல்.ஓ. உடன்படிக்கை, எண் 188, என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 2007 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. அதற்கு இரண்டு வருசம் முன்பு, 2005இல், போதுமான வாக்குகள் பதிவாகாமல் விழுந்துபோய் மறுபடி எழுந்த உடன்படிக்கை அது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. மூன்று நாளைக்கு மேல் கடலில் தங்குகிற படகென்றால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு. வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் தரகுப் பணம் வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் வேணும், அதில் பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்று இருக்கணும். பங்குக்குப் போகிறவனும் தொழிலாளிதான் என்று அது தெளிவாகவே சொல்கிறது. இது சின்ன விசயம் இல்லை. 'அவங்க கூலி இல்லீங்க, பங்காளிங்க' என்று சொல்லித்தானே இத்தனை காலம் எல்லாச் சட்டத்திலிருந்தும் நம்மைக் கழட்டி விட்டாங்க? டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷன் எல்லாம் கழித்து மிஞ்சியதில்தான் நம்ம பங்கு. கழிக்கிற கணக்கு நோட்டை நாம் பார்த்ததுண்டா? நட்டத்தில் முழுப் பங்காளி, கணக்கு நோட்டில் அந்நியன்.

அதே உடன்படிக்கையில் இன்னொரு வரி எனக்குப் பிடித்தது. புயலோ பழுதோ, ஆபத்து என்று டிரைவர் தன் அனுபவத்தில் முடிவு எடுத்தால், படகு முதலாளி அதைத் தடுக்கக் கூடாது. கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் 'இன்னும் ரெண்டு மடி போட்டுட்டு வா' என்று கத்துகிற குரலைக் கேட்ட எவருக்கும் இந்த வரியின் அருமை தெரியும்.

மிக முக்கியமானதாக நான் நினைப்பது ஆட்பட்டியல். படகு புறப்படும் முன் யார் யார் ஏறினார்கள் என்று எழுதி, ஒரு பிரதி படகில், ஒரு பிரதி கரையில் இருக்கணும். அவ்வளவுதான். இதில் என்ன பெரிய புரட்சி என்று கேட்பீங்க.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. குமரி மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஆழ்கடலுக்குப் போகிற ஊர்கள். எத்தனை பேர் காணோம் என்று கேட்டால் அரசு ஒரு எண் சொன்னது, தேவாலயங்கள் வேறு எண் சொன்னது. அரசின் எண் நாளுக்கு நாள் மாறியது. கடைசியில் பட்டியல் எழுதியது அதிகாரி இல்லை, கோவில் முற்றத்தில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள். ஊர்க்காரனுக்குத் தேட அம்மா இருந்தாள், பங்குச் சாமியார் இருந்தார். அந்தப் படகுகளில் ஏறியிருந்த வடமாநிலத் தொழிலாளிக்கு? படகில் அவனுக்குப் பேரே கிடையாது. 'டேய் இந்திக்காரா', 'ஏ வடக்கா' என்றுதான் கூப்பாடு. பேரில்லாதவன் காணாமல் போனால் யாரைத் தேடுவது? இன்றைக்கு டோக்கன் இருக்கு, டிரான்ஸ்பாண்டர் இருக்கு என்கிறார்கள். டோக்கனில் எழுதின பேரும் படகில் ஏறின ஆளும் ஒன்றுதானா என்று யார் நின்று பார்க்கிறார்கள்?

பேர் காகிதத்தில் இல்லாவிட்டால் செத்த பிறகும் விடுதலை இல்லை. உடல் கிடைக்காதவன் இறந்ததாகக் கொள்ள ஏழு வருசம் ஆகணும் என்பது சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு வருசம். ஒக்கியில் அரசு தனி ஏற்பாடு செய்து, காணாமல் போனவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் கொடுத்தது. போராடி வாங்கினார்கள். ஆனால் எல்லாச் சாவும் ஒக்கியில் நடப்பதில்லை. ஒத்தையாக, ராத்திரி, கயிறு தட்டி விழுகிறவன்தான் அதிகம். அவன் பொண்டாட்டி கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கும்போது நான் கேட்க வேண்டியிருக்கிறது: இறப்புச் சான்றிதழ் இருக்கா, வாரிசுச் சான்றிதழ் இருக்கா, நாமினி போட்டாரா? மூன்று கேள்விக்கும் இல்லை என்று தலையாட்டுகிற பெண்ணிடம் வங்கியில் வேறு கேள்வி இல்லை.

கடற்கரை தலித்துகளுக்கு இது புதுசு இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்தது நினைவிருக்கும். நட்டம் என்று எழுதப்பட்டது படகு, வலை, எஞ்சின். படகு இல்லாதவனுக்கு நட்டம் இல்லை. வலை இழுக்கப் போனவன், மீன் சுமந்தவள், உப்பளத்துக்காரன், கழிமுகத்தில் இறால் தடவினவன் யாரும் 'மீனவர்' என்ற கட்டத்துக்குள் வரவில்லை. முகாம்களில் தலித்துகளை ஒதுக்கினார்கள். அழுகின பிணங்களை எடுக்க மட்டும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து அருந்ததியத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி வந்தார்கள். கையுறை கேட்டு வாங்குவதற்குள் பாதிப் பிணம் எடுத்தாகிவிட்டது. நிவாரணப் பட்டியலுக்கு வேண்டாத சாதி, பிணம் தூக்க வேண்டியிருந்தது. ஆகவே பட்டியல் என்பது வெறும் நிர்வாக விசயம் இல்லை. யார் எழுதுகிறான், எந்தக் கட்டத்தில் எழுதுகிறான் என்பதில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடலில் சாதி இல்லை, அலைக்கு முன்னால் எல்லாரும் ஒன்று என்று சொல்கிற கவிதைகள் நிறைய உண்டு. (எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், அலையை விட்டால் நம்ம கவிஞர்களுக்குக் கடலில் வேற ஒண்ணும் தெரிவதில்லை.) படகில் சக்கரம் பிடிப்பது யார், ஐஸ் அறைக்குள் இறங்குவது யார், சமைப்பது யார், கடைசியில் சாப்பிடுவது யார் என்று எழுதிப் பாருங்க. 1938இல் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார்: பார்ப்பனியம், முதலாளியம். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சாகலாம், அதற்கு மேலே ஏற முடியாது என்பதைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. 188ஆம் உடன்படிக்கையில் சாதி என்ற சொல் எங்கேயும் இல்லை. கையேடுகளில் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் வேலையில் பாகுபாட்டுக்கு எதிரான 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றிருக்கு. பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் இதைக் கேளுங்க.

முன்பணத்துக்கு வருகிறேன். சீசன் ஆரம்பத்தில் இருபதாயிரம், ஐம்பதாயிரம் வாங்குகிறோம். கல்யாணம், ஆஸ்பத்திரி, தடைக்காலச் சாப்பாடு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குப் போக முடியாது, அடுப்பு எரியணும். வாங்கியதும் என்ன ஆகிறது? கடன் தீராமல் வேற படகில் ஏற முடியாது. ஏறினால் ஆள் அனுப்புவான். எங்க தாத்தா காலத்தில் பண்ணையாளுக்கு நடந்தது இதேதான், நெல்லுக்குப் பதில் மீன். தரகர்கள் இதற்கு 'வழக்கம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் இதற்கு வேற பேர். 1976ஆம் வருசத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்கு ஈடாக வேற வேலைக்குப் போகும் சுதந்திரத்தை ஒருத்தன் இழந்தால் அவன் கொத்தடிமை. அந்தக் கடன் செல்லாது, திருப்பித் தரவேண்டியதில்லை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் கடன் கொடுத்தவன் தலையில். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு, பசியும் ஒரு கட்டாயம்தான் என்று நீதிபதி பகவதி எழுதினார்.

இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை நான் பார்த்ததில்லை. 'பிரச்சினை இருந்தால் முதலில் டிரைவரிடம் பேசுங்க, பிறகு புகார்ப் பெட்டியில் போடுங்க' என்பார்கள். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம்? தாய்லாந்தில் 1975ஆம் வருசத்துச் சட்டப்படி அயல்நாட்டுத் தொழிலாளி சங்கம் தொடங்க முடியாது. படகுகளில் பெரும்பாலும் அயல்நாட்டுக்காரர்கள்தான். உரிமை பற்றி வகுப்பு நடக்கும், உரிமை கேட்கிற சங்கம் கூடாது. நம்ம ஊரில் சட்டம் தடுக்கவில்லை, படகு முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கு. வலை இழுக்கிறவனுக்கு?

வளைகுடாவில் நம்ம ஆட்கள் படுகிற பாடு தனிக்கதை. குமரி, ராமநாதபுரத்துக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறுகிறார்கள். 2020 கொரோனாவில் ஈரானில் கூலியும் இல்லாமல் சோறும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தவர்களை, ஜூலை மாதம் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது. அங்கே நம்ம ஆள் என்ன கேட்டானோ, அதைத்தான் இங்கே ஒடிசாக்காரன் கேட்கிறான். அவனை 'நம்ம கூலியைக் கெடுக்க வந்தவன்' என்று பேசுகிற தோழர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கீங்க. அவன் கூலியைக் கெடுக்க வரவில்லை, குறைந்த கூலிக்கு அவனைக் கொண்டுவந்தவன் பேரைச் சொல்லுங்க.

ஐ.எல்.ஓ.வின் 2022 மதிப்பீட்டில் உலகம் முழுக்கப் படகுகளில் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 1,28,000 பேர். குறைத்துத்தான் எண்ணியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கடலில் போய் எண்ணுவது லேசான காரியம் இல்லை.

சரி, பயிற்சியே வேண்டாமா? வேணும். வின்சில் விரல் போகாமல் இருக்க, தீ பிடித்தால் அணைக்க, தண்ணீரில் விழுந்தவனைத் தூக்க, முதலுதவி செய்யப் பயிற்சி வேணும், அதுவும் கூலியோடு வேணும். ஒருநாள் தொழிலை விட்டு வந்தால் அந்த நாள் கூலியை யார் கொடுப்பது என்று முதலில் பேசணும். ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் நடக்கணும். படகு முதலாளியும் தரகனும் ஏலக்காரரும் தனியாக ஒரு வகுப்பில் உட்காரணும், அவங்களுக்கு 1976ஆம் வருசத்துச் சட்டத்தை வரி வரியாகப் படித்துக் காட்டணும். மற்றதை நாமே செய்துகொள்ளலாம்.

நான் ஒரு படிவம் நகல் எடுத்து வந்திருக்கேன். பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர், படகு எண், வாங்கின முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதி, பங்கு எத்தனைக்கு எத்தனை, வங்கி அட்டை யாரிடம், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்லணும், அவங்க போன் நம்பர். மூன்று பிரதி. ஒன்று உங்க வீட்டில், ஒன்று இங்கே கூட்டம் நடத்துகிற தோழர்களிடம், ஒன்று உங்களிடம் பிளாஸ்டிக் கவரில். சாதிக்குக் கட்டம் போடவில்லை. வேணும் என்கிறவங்க பின்பக்கம் எழுதுங்க, ஏன் எழுதுறீங்க என்பதையும் எழுதுங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு நானும் இன்னும் மூணு பேரும் எழுதித் தருகிறோம். ஒடியா தெரிந்த ஒரு தோழர் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கார். சாப்பாடு ஒன்றரைக்கு. அதுக்குள்ள முன்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.